மரியஅந்தோணியின் கூச்சம் அடக்கிய படலம்

நீலமலையின் நெடுமுகடுகாள், எமரால்டு அணைநீரில் முகம் பார்க்கும் முகிற்குலங்காள், கொழுந்துவிட்ட தேயிலைகாள், கேரட் வயல்காள், சற்றே செவிசாய்மின்! பதினோராண்டு ஊசி ஏந்தியும் உரம் குன்றாக் கரத்தினாள், ஊட்டி ஆஸ்பத்திரியொன்றின் மூன்றாம் வார்டைக் கட்டியாளும் கோமகள், குளுக்கோஸ் பாட்டில் தொங்கும் கம்பியையே கொடிமரமாய்க் கொண்டவள், பிரிஸில்லா எனும் பெயரினாள், கடல்கடந்த பல்கலைக்கழகமொன்றில் வீட்டிலிருந்தபடியே எம்.எஸ்ஸி. நர்சிங் பயிலப் புகுந்து, ஒரு ஞாயிறு பிற்பகலில் தன் கணவனது வயிற்றோடு பொருத பெரும்போரை யாம் பாடப் புகுந்தோம். வென்றாளா என்று இப்போதே கேட்டு உயிரை வாங்காதீர்கள்.

போர்க்காரணம் கேண்மின். பல்கலைக்கழகப் பேரரசு விடுத்த ஆணையாவது: "ஒருவரை உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை பரிசோதித்து வீடியோ அனுப்புக! இருபது நிமிடத்துக்கு ஒரு நொடியும் மிகற்க! நடுவே வெட்டற்க, ஒட்டற்க! ரத்த அழுத்தத்தை இறுதியில் அளந்து உரைக்க! ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் வாராதொழியின் இப்பாடத்தை அடுத்த ஆண்டு மீண்டும் பயில்க!" ஆண்டொன்று போனால் பட்டம் போகும், பட்டம் போனால் வருகிற ஜூனில் நர்சிங் பள்ளியில் காத்திருக்கும் ஆசிரியை வேலை போகும், அது போனால் பழையபடி நைட் டியூட்டிதான். சட்டம் போட்டவனுக்கு என்ன, உட்கார்ந்த இடத்தில் போட்டுவிட்டான்!

பரிசோதிக்க ஓர் உடல் வேண்டுமே? பக்கத்து வீட்டுச் சுமலதாவோ, "வீடியோவா? ஆள உடுங்கக்கா" என்று கதவடைத்தாள். எஞ்சியவர் கணவர் மரியஅந்தோணி ஒருவரே. தேயிலை ஃபேக்டரியில் பாய்லர் காக்கும் அனல்மார்பர், நாள்முழுதும் தீமுன் நின்று பழகியதால் வீடு புகுந்த கணமே குளிருக்கு நடுங்குபவர், பனியன்மேல் சட்டை, சட்டைமேல் ஸ்வெட்டர், ஸ்வெட்டர்மேல் ஜெர்கின், சிரத்திலே மங்கி குல்லா எனக் கவசம் பல பூண்டவர். கொதிநீராவிக்கு அஞ்சாத அவர் மண்ணுலகில் அஞ்சியது கூச்சம் ஒன்றுக்கே.

முதற்போரில் கவசங்கள் ஒவ்வொன்றாய் வீழ்ந்தன. அரிசி டின்மேல் சாய்த்த செல்போன் இமையாது நோக்க, கண், காது, கழுத்து, நெஞ்சு எனக் கோட்டைகள் பலவற்றைக் கைக்கொண்டு முன்னேறிய வீராங்கனை, பதினோராம் நிமிடத்தில் வயிறெனும் வெட்டவெளியை எய்தி, நீலமலைக் குளிரெல்லாம் குடித்துக் கிடந்த ஸ்டெதாஸ்கோப்பை அதன்மீது வைத்தாள். "அய்யோ மாதாவே! ஐஸுக்கட்டியாட்டம் இருக்குது புள்ள!" என்ற பேரோலத்தில் கூரைத் தகரம் அதிர்ந்தது. வீடியோ வீண்.

இரண்டாம் போரில் ஸ்டெதாஸ்கோப்பை அக்குளில் வைத்துச் சூடேற்றி, வயிற்றின் ஓசையைக் கேட்டு, விரலால் தட்டியும் பார்த்து, இனி அமுக்கிப் பார்ப்பதொன்றே குறையென அவள் கைவைத்த கணத்தில், மரியஅந்தோணி உதட்டைக் கடித்தார், பல்லை நெரித்தார், அந்தோணியாரை அழைத்தார். எதுவும் எடுபடாமல் கட்டில் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அரிசி டின் சரிந்தது, செல்போன் கவிழ்ந்தது.

"ஏனுங்க, வேணும்னே சிரிக்கறீங்களா?"

"நானெங்க சிரிச்சேன், வயிறு சிரிக்குது புள்ள. நானென்ன பண்ணட்டும்?"

பிணவாடைக்கும் கலங்காத அந்தக் கண்களில் அப்போது நீர் கோத்தது. இரண்டாண்டுப் படிப்பு இந்த மனிதரின் தொப்புளைத் தாண்ட முடியாமல் நிற்கிறதே என்று அவளுக்கு அழுகை அழுகையாய் வந்தது. கண்டார் கணவர், பதறினார், வலக்கை உயர்த்திச் சூளுரைத்தார்: "அழுவாத பிரிசி! இந்தத் தடவ உசுரே போனாலுஞ் சிரிக்க மாட்டேன்!"

மணி ஐந்து இருபது. மூன்றாம் போர். சுடுதேநீர்த் தம்ளர்மேல் ஸ்டெதாஸ்கோப்பைக் காய்ச்சியெடுத்தாள் நாயகி. வயிற்றில் வைத்தாள், வயிறு வாளாவிருந்தது. தட்டினாள், தாங்கிற்று. அமுக்கினாள், என்னே வியப்பு, மரியஅந்தோணி முகட்டு வளையை முறைத்தபடி பாய்லரின் மீட்டர் கணக்கை மனத்துள் ஒப்பித்துக்கொண்டு, மூச்சும் விடாமல் கிடந்தார்! வயிறு வீழ்ந்தது, முழங்கால் வீழ்ந்தது, உள்ளங்காலும் வீழ்ந்தது. மிஞ்சியது ரத்த அழுத்தம் ஒன்றே; கையில் மூன்று நிமிடம்.

"நூற்றிருபதுக்கு எண்பது, இயல்பு" என்னும் வெற்றிமொழியை நாவில் தயாராய் வைத்துக்கொண்டு அவள் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். ஊரார் கையெல்லாம் அளந்தவள், இந்தக் கையை இதுநாள்வரை அளந்ததேயில்லை. ஸ்டெதாஸ்கோப்பில் ஒலி கேட்டது. கேட்கக் கூடாத உயரத்தில் கேட்டது. நூற்றெழுபத்தெட்டுக்கு நூற்றுப்பத்து.

"ஏனுங்க, தலவலி ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"ஒரு மாசமாவே காத்தால வலிக்குது. கெறக்கமாவும் வருது. பாய்லர் சூடுன்னு உட்டுட்டேன்."

"எங்கிட்ட ஏனுங்க சொல்லல?"

"நீ படிச்சுட்டிருந்தயே புள்ள."

அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை நம் நாட்டில் உண்டு. இவளோ புருஷனைக் கண்டாள், அரசனை அடியோடு மறந்தாள். ஐந்து நிமிடம் அவரைச் சாய்த்து அமர்த்தி மறுகையில் அளந்தாள், மறுபடி அளந்தாள், மார்பில் காதுவைத்து நெடுநேரம் கேட்டாள், திட்டினாள், குல்லாவை எடுத்து மாட்டிவிட்டாள், மீண்டும் திட்டினாள். செல்போன் என்றொரு பொருள் இவ்வுலகில் உண்டென்று நினைவு வந்தபோது மணி ஐந்து ஐம்பத்தைந்து, வீடியோ முப்பத்தைந்து நிமிடம். அனுப்பித்தான் பார்த்தாள். இருபதுக்கு மேல் ஏற்பதில்லை என்று பேரரசு அக்கணமே திருப்பியடித்தது; அடுத்த ஆண்டு வருக என்றது.

"என்னால உன்ற வருஷம் போச்சே பிரிசி" என்று புலம்பினார் அனல்மார்பர்.

அதுகேட்ட வார்டுக் கோமகள், கண்ணைத் துடைத்து, மூக்கை உறிஞ்சி, மலைமுகடெல்லாம் எதிரொலிக்க முழங்கினாள்: "வருஷம் போனாப் போச்சாதுங்க! நாளைக்கு லீவு சொல்லுங்க, மொத பஸ்ஸுக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம்!"

அன்று ராத்திரி ரசத்தில் உப்பு இல்லை.