செவ்வரளி சொன்ன சிமென்ட்

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடினால் எப்போது திறக்கும் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். அதனால்தான் ஷேர் சித்தர் தம் கொட்டகையை அங்கே போட்டிருந்தார். பஸ்ஸில் காத்துக் கிடப்பவர்கள் இறங்கி வந்து, எதிர்காலத்தைக் கேட்டுக்கொண்டு போகலாம்.

ஷேர் காய்ச்சல் டெல்டாவுக்கும் பரவியிருந்த தொண்ணூறுகள் அவை. எந்தக் கம்பெனி ஷேரை வாங்குவது? சித்தர் அதைச் சுலபமாக்கினார். நாட்டில் ஆயிரம் கம்பெனி இருக்கலாம், அவரிடம் இரண்டுதான். செங்கழனி சர்க்கரை ஆலைக்கு வெள்ளை நந்தியாவட்டை. நீலமணி சிமென்டுக்குச் செவ்வரளி. வாழைச்சருகில் தனித்தனியாகக் கட்டி அம்மன் படத்தின் முன் போடுவார். வந்தவர் ஒன்றை எடுக்க வேண்டும். எடுக்காததைப் பிரிக்கக் கூடாது. அது தெய்வ ரகசியமாம். வெண்ணாற்றில் விட்டுவிட வேண்டுமாம். அடுத்த வீட்டுக் கடிதத்தைக்கூடப் பிரித்துப் படிக்கிற ஊர், இந்த ஒன்றில் மட்டும் நாகரிகம் காத்தது.

மூன்று வாரமாக அம்மன் சிமென்டையே சொன்னாள். அவளுக்கு ஏதோ கட்டட வேலை இருக்கும் போலும்.

ஷேர் விற்றவர் பக்கத்துக் கடைத் துரைராசு. காசில்லாதவர்களுக்கு நிலப் பட்டாவை வாங்கிக்கொண்டு கடன் கொடுப்பார். அந்தக் கடனுக்கே ஷேரும் கொடுப்பார். பணம் அவருடைய வலக்கையிலிருந்து இடக்கைக்குப் போகும். பட்டா பெட்டிக்குள் போகும்.

அன்று மஞ்சள் பையோடு வீரையன் வந்தார். பையில் ஒரு ஏக்கர் பட்டா. நில உச்சவரம்பில் துரைராசுவின் அப்பாவிடமிருந்து எடுத்து, பண்ணையாளாக இருந்த வீரையனின் அப்பாவுக்கு அரசாங்கம் கொடுத்த நிலம். பதினாறு வருஷம் வழக்காடி வீட்டுக்கு வந்த காகிதம். கூடவே அவர் மனைவி அம்சம், வெள்ளி தவறாமல் மாரியம்மனுக்கு விளக்குப் போடுகிறவள்.

"சர்க்கர ஆலைக்குத் தெனம் கரும்பு லாரி போறதப் பாக்குறோம். அந்தச் சிமென்டு மூட்டைய யாராச்சும் பாத்திருக்கீங்களா?" என்றாள் அம்சம்.

"பாத்து வாங்க இது கத்திரிக்கா இல்ல தாயி. எடுங்க வீரையன்" என்றார் சித்தர்.

வீரையன் எடுத்துப் பிரித்தார். செவ்வரளி. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. துரைராசு பேனா மூடியைக் கழற்றினார்.

சித்தர் மற்றப் பொட்டலத்தோடு, முழங்கால் வலியில் முனகியபடி எழுந்தார். அம்சத்துக்கு மனசு கேட்கவில்லை.

"இந்த வெயில்ல நீங்க ஏன் சாமி நடக்கணும்? குடுங்க, நான் ஆத்துல விட்டுட்டு வரேன்."

"வேணாம் தாயி, வேணாம்."

"எனக்கும் கொஞ்சம் புண்ணியம் கெடைக்கட்டுமே."

கூட்டமும் "குடுங்க சாமி" என்றது. வேறு வழியில்லை. ஆனால் அவர் பிடியை விடாததால், அம்சம் இழுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. முழங்கால் வலிக்குக் கை ஏன் இறுக வேண்டும்? முடிச்சில் விரலை வைத்தாள்.

"பிரிச்சா குத்தம்டி" என்றார் வீரையன்.

"குத்தம் என் தலையில விழட்டும். மாரியம்மா எங்கிட்ட எதையும் மறைச்சதில்ல."

பிரித்தாள். உள்ளே இன்னொரு செவ்வரளி.

டீக்கடை நீலாம்பாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "ஏஞ்சாமி, நந்தியாவட்ட இன்னிக்கு லீவா?"

சித்தர் சமாளித்தார். "ரெண்டுலயும் அதே பூன்னா, அம்மனுக்கு அந்தக் கம்பெனிய அவ்வளவு பிடிச்சிருக்குன்னு அர்த்தம்."

"அவ்வளவு நல்ல ஷேர துரைராசு ஏன் நம்ம தலையில கட்டுறாரு? அவரே வச்சுக்கலாமே" என்றார் வீரையன், பட்டாவைப் பைக்குள் திணித்துக்கொண்டே.

துரைராசு பேனாவை மூடினார். அவர் பெட்டியை ஊரார் திறந்தார்கள். பட்டாக்கள் வெளியே வந்தன. அதற்குள் கேட் திறந்து பஸ் ஹாரன் அடித்தது, ஒருவரும் ஏறவில்லை. சித்தர் மேல் பாய்ந்தவர்களை அம்சம் மறித்தாள். "அடிக்காதீங்க. முழங்கால் வலியாச்சும் நெசமா இருக்கும்." ஒரு டம்ளர் மோர் வாங்கி அவர் கையில் கொடுத்தாள்.

கூட்டம் இப்போது அவள் பக்கம் திரும்பியது. "அப்ப சர்க்கரையே வாங்கலாமா? நீயே ஒரு வாக்குச் சொல்லு தாயி."

"வெதநெல்ல ஈரச் சாக்குல கட்டி, மொளைக்குதான்னு பாக்காமலா வெதைக்கிறீங்க? ரெண்டு கம்பெனி கணக்கையும் அப்படி வச்சுப் பாருங்க. படிச்ச புள்ளைவோ ஊர்ல இல்லியா?"

இதைக் கேட்ட பிறகும் இரண்டு பேர் அவள் காலில் விழக் குனிந்தார்கள்.

அன்பர்களே, ஆண்டவன் ஆளுக்கொரு பொட்டலத்தைத் தலைக்குள் கட்டி அனுப்பியிருக்கிறான். அதையாவது பிரிக்காமல் ஆற்றில் விட்டுவிடாதீர்கள்.