பூதத்துக்குக் கடுக்காய்

“க்... கா...” அவ்வளவுதான் வந்தது.

பின்னணிக் குரல் கொடுப்பவருக்குக் குரல் போய்விட்டது, அதுவும் இன்றைக்குப் பார்த்து! கார்ட்டூன் படங்களில் கழுதைக்கும் கிறீச்சிடும் கதவுக்கும் கத்தியே காலத்தை ஓட்டியவரை, முதன்முறையாகப் பூதத்தின் குரலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இன்னும் சற்று நேரத்தில் குரல் தேர்வு. தேறிவிட்டால் படம் முழுக்க அவர் ராஜ்ஜியம்தான்!

மனைவி டப்பாவிலிருந்து ஒரு கடுக்காயை எடுத்து உடைத்தாள். கொட்டையை வீசிவிட்டுத் தோலில் ஒரு துண்டை நீட்டினாள்.

“கன்னத்துல ஒதுக்கி வெச்சுக்கிட்டு, ஊறுற எச்சிலை மெதுவா முழுங்குங்க. தொண்டை தானா திறந்துக்கும்.”

அவள் குளிக்கப் போனதும் கண்ணாடி முன் நின்று கர்ஜித்துப் பார்த்தார். பூனை சீறியது. அட, சின்னத் துண்டுக்கே பூனை வருகிறதென்றால், டப்பா முழுவதற்கும் சிங்கமல்லவா வரும்! இருந்ததையெல்லாம் உடைத்து மிக்சியில் போட்டு அரைத்தார். வெந்நீரில் கலக்கி ஒரே மூச்சில் குடித்தார்.

மனைவி வந்து காலி டப்பாவைப் பார்த்து அலறினாள். “அடக் கடவுளே! பொடியாக் குடிச்சா அது தொண்டைக்கு இல்லீங்க, வயித்துக்கு! பேதிக்குக் குடுக்கறதை இப்படியா மடக் மடக்குன்னு குடிப்பாங்க?”

“எ... எப்போ...”

பதிலை வயிறே சொன்னது. ஓடினார். வந்தார். மறுபடி ஓடினார்.

பேதி நிற்க மனைவி மாதுளம்பழத் தோலைக் கொதிக்கவைத்துக் கொடுத்தாள். “ரெண்டே ரெண்டு வாய்தான், சொல்லிட்டேன்!”

அவசரக்குடுக்கை கேட்குமா? மொத்தப் பாத்திரத்தையும் கவிழ்த்துக்கொண்டார். துவர்ப்பில் தொண்டை இறுகி, இருந்த பூனையும் ஓடிப்போனது. வயிறு மட்டும் உருண்டுகொண்டே இருந்தது.

“பேசாம வீட்டுல கிடங்க.”

முடியாது என்று கையை ஆட்டிவிட்டுக் கிளம்பினார். இத்தனை வருஷம் காத்திருந்தது கழிவறை வாசலில் நிற்கவா?

ஸ்டூடியோவில், முயல்குட்டிக்குக் குரல் கொடுத்த சின்னப் பெண் அப்போதுதான் வெளியே வந்தாள். இவர் உள்ளே போய் நின்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைரக்டர் கையைக் காட்டினார்.

வாயைத் திறந்தார். வெறும் காற்று! பயத்தில் காது அடைத்தது, வயிற்றை ஏதோ புரட்டிப் போட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டார்.

கதவு படாரென்று திறந்தது. டைரக்டர் ஓடிவந்து கட்டிப்பிடித்தார்.

“சார்! என்னா குரல் சார்! பாதாளத்துல பாறை உருள்ற மாதிரி... எனக்குப் புல்லரிச்சுப் போச்சு! நீங்கதான் பூதம்! நாளையிலேர்ந்து தினமும் இதே குரல் வேணும்!”

அவருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. கழுதையும் கதவும் இனி ஜென்மத்துக்கும் இல்லை! தலையை ஆட்டோ ஆட்டென்று ஆட்டினார்.

பின்னாலேயே வந்த ஒலிப்பதிவாளர் தலையைச் சொறிந்தார்.

“ஐயா, அண்ணன் தொண்டையிலேர்ந்து ஒண்ணுமே வரலை. பாப்பாவுக்காக இறக்கின மைக்கை நான் ஏத்தவே இல்லை, அது இன்னும் அவர் வயித்துக்கு நேராத்தான் இருக்கு!”