டாங்கியின் அடிப்பாகம்

உண்மைக்காக ஞாயிற்றுக்கிழமைகளைத் தியாகம் செய்தவர்கள் உலகில் வெகு சிலர். அவர்கள் அனைவரும் எங்கள் சங்கத்தில் உறுப்பினர்கள். நான் செயலாளர்.

நாங்கள் பொம்மை டாங்கி செய்வதில்லை. அப்படிச் சொல்பவர்களோடு பேசுவதுமில்லை. நிஜ டாங்கியை முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கி 'மீட்டெடுக்கிறோம்'. பெட்டியில் வரும் பிளாஸ்டிக் பாகங்கள் பொய் சொல்லும். அதில் வரும் கைப்பிடியை நிஜ அளவுக்குப் பெருக்கினால் உலக்கை. எனவே அவற்றை வெட்டி எறிந்துவிட்டு, வேறு கம்பெனிகள் தனியாக விற்கும் 'மேம்பாட்டு' பாகங்களை ஒட்டுகிறோம். பித்தளைக் கைப்பிடி. கடைந்தெடுத்த அலுமினியக் குழல். கண்ணி கண்ணியாகக் கோக்க வேண்டிய சங்கிலிப் பட்டை. புட்டியில் சேறுகூட வருகிறது. அதில் இரண்டு நிறம்: மழைக்கு முன், மழைக்குப் பின்.

எங்களில் தலைசிறந்தவர் 'மேஜர்'. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். இவ்வாண்டு அவர் செய்த டாங்கியில் பெட்டியோடு வந்த பாகம் ஒன்றும் மிஞ்சவில்லை. பெட்டி மிஞ்சியது.

சங்கத்தின் ஆண்டுப் போட்டியில் அவருடைய தங்கப் பதக்கத்துக்கு ஒரே தடை அடிப்பாகம். டாங்கியின் அடித்தகட்டில் வட்டமாக ஒரு மூடி உண்டு. அதைச் சுற்றி போல்ட்டுகள் ஆறா, எட்டா? ஒரு கம்பெனி ஆறு வைத்து விற்கிறது, இன்னொன்று எட்டு. அந்த ரக டாங்கியை அடியிலிருந்து யாரும் படம் எடுத்ததில்லை. போட்டியின் நடுவரோ எங்கள் தலைவர், பல் டாக்டர். கடைவாய்ப்பல் பார்க்கும் கண்ணாடியை அடியில் விட்டுப் பார்த்துத்தான் மதிப்பெண் போடுவார்.

மேஜர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவசரக் கூட்டம் நடந்தது. டாங்கி மல்லாந்து கிடந்தது. மேஜரின் மனைவி டீ கொண்டுவந்தார்.

"அண்ணி, பாத்து! ஆவி படப்போகுது" என்றார் டாக்டர்.

அண்ணி டாங்கியையே பார்த்துக்கொண்டு நின்றார். "இது எங்க ஊருக்குள்ள வந்ததுதான். என் மேல போச்சு."

"மேல போச்சுன்னா?"

"சண்டை நடந்தப்ப. ரோட்டோரம் குழாய் பதிக்கப் பள்ளம் வெட்டியிருந்தாங்க. அதுல படுத்திருந்தேன். ஒம்பது வயசு எனக்கு. பள்ளத்துக்கு மேலயே ஏறிப் போச்சு."

நாங்கள் எழுந்து நின்றோம். சங்க வரலாற்றில் முதல் நேரடிச் சாட்சி! இத்தனை வருடமாக எங்களுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

"மூடி தெரிஞ்சுதா அண்ணி? வட்டமா?"

"தெரிஞ்சிருக்கும்."

"போல்ட்டு ஆறா, எட்டா?"

"கண்ண மூடிக்கிட்டேன்."

டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அடடா! ஒரு கண்ணையாவது தொறந்து வெச்சிருக்கலாமே!"

"விடுங்க டாக்டர், சின்னப் பொண்ணுதானே" என்றார் மேஜர் பெருந்தன்மையாக. "இவ அப்பவே இப்படித்தான் போல. எதையும் கவனிக்க மாட்டா."

"தம்பி தொறந்துதான் வெச்சிருந்தான்."

நான் பேனாவை எடுத்தேன். "அவர் நம்பர் சொல்லுங்க அண்ணி."

அவர் கணவரைப் பார்த்தார். கணவர் எங்களைப் பார்த்தார்.

"உனக்கு ஏது தம்பி?" என்றார் மேஜர்.

"இருந்தான். மழை பேஞ்சு கரையெல்லாம் ஊறிக் கெடந்துது. டாங்கி ஏறினதும் இடிஞ்சு விழுந்துது. அவன் அந்தப் பக்கமாப் படுத்திருந்தான்."

யாரும் டீயைத் தொடவில்லை. டாக்டர்தான் முதலில் டாங்கியின் பக்கம் குனிந்தார்.

"அப்ப மழை பேஞ்சிருக்கு" என்றார்.

மேஜர் டாங்கியைக் கையில் எடுத்தார். முகம் வெளுத்திருந்தது. அவர் பூசியிருந்தது 'மழைக்கு முன்'.

மாபெரும் தவறு ஒன்று கடைசி நேரத்தில் தவிர்க்கப்பட்டது. சேற்றைச் சுரண்டி எடுத்து, 'மழைக்குப் பின்' பூசினார். நல்ல தடிமனாக, மூடியையும் மறைத்து. போல்ட் பிரச்சினையும் அதோடு தீர்ந்தது.

தங்கப் பதக்கம் அவருக்கே. பாராட்டிதழை நான்தான் எழுதினேன்: 'இவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது.'

விழாவில் எடுத்த புகைப்படத்தை அடுத்த கூட்டத்தில் பூதக்கண்ணாடி வைத்து ஆராய்ந்தோம். சேற்றின் நிறம் அப்பழுக்கில்லாமல் விழுந்திருக்கிறது. மேஜரை ஒட்டி ஒரு நாற்காலி மட்டும் காலியாக இருக்கிறது. அதை யாருக்காகப் போட்டோம் என்று எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை.