நூற்று இருபத்தாறு கால் கம்பெனி

ஒரு காட்டில், ஓடைக்கு மேற்கே, பலாமரத்து வேருக்கு அடியில் செங்கமலம் என்ற மரவட்டை தையல்கடை வைத்திருந்தாள். கடைதான் அவளுக்கு வீடும். தேக்கிலையில் மழைக்கோட்டு தைப்பது தொழில். கால்கள் எல்லாம் இலையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஊசியும் நூலும் வாயில் இருக்கும். முதலாளி, தொழிலாளி, கடை கூட்டுகிறவள் எல்லாம் அவள் ஒருத்திதான்.

அதே காட்டில் கிழக்குச் சரிவு முழுவதையும் ஒரு மலைப்பாம்புக் கம்பெனி வளைத்துப் போட்டிருந்தது. அறுபது பாம்புகள் கூட்டு. மரத்தில் கூடு கட்டுகிறவர்களிடம் முட்டையில் பங்கு கேட்பார்கள். தராதவர்களைச் சுற்றிக்கொண்டு நலம் விசாரிப்பார்கள். புகார் தாங்காமல் சிங்கராஜா, "பெரிய கம்பெனிகளை அடக்க ஒரு சட்டம் எழுது" என்று செயலாளர் நாரையிடம் சொன்னார்.

நாரை பக்கத்து ஊர் மனிதர்களின் சட்டத்தை வைத்துக்கொண்டு பார்த்து எழுதியது. அதில் 'பத்து ஆட்களுக்கு மேல் வேலை செய்தால் பெரிய கம்பெனி' என்றிருந்தது. காட்டில் ஆட்களுக்கு எங்கே போவது? விலங்குக்கு நாலு கால், பத்து விலங்குக்கு நாற்பது கால் என்று கணக்குப் போட்டு, 'நாற்பது கால்களுக்கு மேல் வேலை செய்தால் பெரிய கம்பெனி' என்று மாற்றிக்கொண்டது. தனக்கே ரெண்டு கால்தான் என்பது அதற்கு ஞாபகம் வரவில்லை.

பெரிய கம்பெனி என்றால் பன்னிரண்டு இயக்குநர்கள் இருக்க வேண்டும். வருஷம் ஒரு பொதுக்கூட்டம் போட வேண்டும். தவறினால், மசோதா சட்டமாகிற நாளே கடைக்குச் சீல். மழை தொடங்க இருபது நாள்தான் இருந்தது. செங்கமலத்துக்குச் சோறு இறங்கவில்லை. சீல் வைத்துவிட்டால் மழையில் எங்கே போய்ச் சுருண்டு கிடப்பது?

கருத்துக் கேட்புக் கூட்டம் ஆலமரத்தடியில் நடந்தது. முதல் ஆளாக மலைப்பாம்புத் தலைவர் கங்காதரன் பேசினார். "அருமையான மசோதா. எங்களுக்குக் காலே கிடையாது. ஏழைகள். எங்களைக் குடிசைத்தொழில்னு எழுதிக்குங்க" என்றார். நாரை எழுதிக்கொண்டது.

அடுத்து செங்கமலம். "ஐயா, நான் ஒத்தையா தச்சுப் பொழைக்கிறவ. எனக்கு எதுக்குங்க இதெல்லாம்?"

"கால் எத்தனை?"

"நூத்தி இருபத்தாறு."

"எல்லாம் வேலை செய்யுதா?"

"செஞ்சாத்தானே கஞ்சி?"

"அப்போ நீங்க காட்டிலேயே பெரிய கம்பெனி. ஏம்மா, ராஜா சபையில நின்னுக்கிட்டு சின்னவன்னு பொய் சொல்றீங்களே!"

"பொய்யில்லைங்க. பன்னிரண்டு இயக்குநருக்கு நான் எங்கே போவேன்? நானும் என் நிழலும்தான் இருக்கோம்."

"நிழலுக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, நாரை அடுத்த ஆளைக் கூப்பிட்டது. கூட்டம் சிரித்தது. கங்காதரன்தான் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தார்.

பக்கத்துப் பொந்து அணில் பொன்னுத்தாயி ஒரு யோசனை சொன்னாள். "ஏண்டி, நாற்பது காலை மட்டும் வெச்சுக்கிட்டு மிச்சத்தைக் கட்டிப் போட்டா என்ன?" செங்கமலம் நார் வாங்கி எண்பத்தாறு கால்களைக் கட்டிப்போட்டாள். நடந்தால் பின்பாதி இழுபட்டது. ஒரு கோட்டு தைக்க நாலு நாளானது. மூன்றாம் கோட்டில் இருக்கும்போது நாரை கணக்கெடுக்க வந்தது.

"இதென்னம்மா அநியாயம்? எண்பத்தாறு காலை ஒரே நாளில் வேலையை விட்டு நிறுத்தியிருக்கீங்க. முன்னறிவிப்பு கொடுத்தீங்களா?"

"என் காலுக்கு நான் எதுக்குங்க அறிவிப்புக் கொடுக்கணும்?"

"தொழிலாளர் விரோதப் போக்கு" என்று நாரை குறித்துக்கொண்டு போயிற்று. அவள் அழுதுகொண்டே எல்லாக் கட்டையும் அவிழ்த்தாள்.

பெரிய கம்பெனிகளின் பட்டியல் ராஜாவிடம் போனது. அதில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. ராஜாவுக்கு வியர்த்துவிட்டது. "இருக்கிறதே ஒரு பெரிய கம்பெனி. அதுவும் கோபித்துக்கொண்டு அடுத்த காட்டுக்குப் போய்விட்டால் என் மானம் என்னாவது?" என்று கரடி மந்திரியை விரட்டினார்.

கரடி வந்து வேருக்கு அடியில் குனிந்தபோது, செங்கமலம் ஒரு நத்தைக்கு அவசரக் கோட்டு தைத்துக்கொண்டிருந்தாள். நூற்று இருபத்தாறு காலிலும் இலை, வாயில் ஊசி.

"அம்மா, நீங்க அடுத்த காட்டுக்குப் போறதா கேள்வி. உண்மையா?"

அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. வெறுமனே பார்த்தாள்.

கரடிக்கு அந்தப் பார்வை பயமாக இருந்தது. "இயக்குநர் விதி உங்களுக்கு வேண்டாம்னு ராஜாவே சொல்லிட்டாரு."

அவள் சரி என்று தலையாட்டப் போனாள். ஊசி குத்திவிடுமோ என்று பக்கவாட்டில் மெதுவாக ஆட்டினாள்.

"போதாதா? சரி, நூறு காலுக்கு மேலே இருக்கிற கம்பெனிக்குச் சீலே கிடையாதுன்னு மாத்திடறோம்."

நூல் சிக்கிக்கொண்டது. அவள் முகத்தைச் சுளித்தாள்.

"கிழக்குச் சரிவையும் எடுத்துக்குங்கம்மா!" என்று கரடி கையெடுத்துக் கும்பிட்டது. "குடிசைத்தொழிலுக்கு எதுக்கு அவ்வளவு இடம்?"

மசோதா சட்டமானது. செங்கமலம் மழைக்கு முன்பே கிழக்குச் சரிவில் குடியேறினாள். பலாமரத்து வேருக்கு அடியில் இருந்த பழைய பொந்தை, குடிசைத்தொழிலுக்கு ஏற்ற இடம் என்று அறுபது மலைப்பாம்புகளுக்கும் சேர்த்து ஒதுக்கினார்கள்.

முதல் மழையன்று ஏழு எறும்புச் சகோதரிகள் நனைந்துகொண்டே அவள் வாசலுக்கு வந்தார்கள். நொய் விற்றுப் பிழைக்கிறவர்கள்.

"அக்கா, போன வாரம்தான் கடைசித் தங்கச்சியும் கடையில சேர்ந்தா. இப்போ எங்களுக்கு நாற்பத்திரண்டு கால். நாற்பதுக்கு மேலே, நூறுக்குக் கீழே. இந்தக் காட்டில் சட்டம் எங்க ஒரு கடையைத்தான் பிடிக்குது. சீல் வெச்சுட்டாங்க. இந்தக் கஷ்டம் உங்களுக்குத் தெரியாததா? ராஜாகிட்டே ஒரு வார்த்தை சொல்லுங்க அக்கா."

செங்கமலம் வாசலை எட்டிப் பார்த்தாள். அவள் கால்களில் இலை எதுவும் இல்லை. பக்கத்தில் கிடந்த ஊசியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

நீதி: நாம் சின்னவர் என்று சொன்னால் ஆதாரம் கேட்பார்கள். பெரியவர் என்று அவர்களே தப்பாக எழுதிவிட்டால், வாயில் ஊசி இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.