ஏழு சோதனைக் கோப்புகள்

“இன்னாம்மா அனுப்பிக்கீற? ஒரே இங்கிலீஷ் எழுத்து, கமா, புள்ளி. கீபோர்டு மேல பூனை நடந்த மாதிரி இருக்குது!”

தேவிப்ரியா போனைக் காதிலிருந்து அரையடி தள்ளிப் பிடித்தாள். அந்தத் தூரத்திலும் தீனதயாளன் தெளிவாகவே கேட்டார். கள்ளக்குறிச்சியில் நடக்கப்போகும் சிறுதானிய விழாவுக்கு அவர்தான் செயலாளர்.

“நாலு மணிக்குள்ள லிஸ்ட்டு சரியா வரலன்னா, விழாவுல உங்க கடைய சின்னசேலத்துக்காரங்களுக்குக் குடுத்துடுவேன்.”

“சரிங்க சார்.”

போனில் அவளுக்கு வருவது அந்த இரண்டு வார்த்தைகள்தான். இயற்பியல் படித்துவிட்டு வெள்ளிமலை மகளிர் குழு அலுவலகத்தில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது.

“இன்னா சொல்றாரு?” என்றார் குழுத் தலைவி பழனியம்மாள்.

“நம்ம தமிழ் ஃபாண்ட் அவங்க கம்ப்யூட்டர்ல இல்லக்கா. பழைய ஃபாண்ட். அதான் வேற எழுத்தாத் தெரியுது.”

“அப்ப அதையும் சேத்து அனுப்பு. சாமை கேட்டா சாக்கோடதான குடுக்கறோம்?”

நியாயமாகத்தான் பட்டது. எழுத்துருவைத் தனிக் கோப்பாக அனுப்பினாள்.

“உள்ள ஏத்தப் போனா பாஸ்வேர்டு கேக்குதும்மா! அது எங்க கம்ப்யூட்டர் பையன் கலையரசனுக்குத்தான் தெரியும். அவன் ரிஷிவந்தியத்துல கல்யாணத்துக்குப் போய்க்கீறான். போன எடுக்கல.”

பிடிஎஃப் ஆக்கி அனுப்பினாள்.

“ஆங், இப்பத் தமிழ் தெரியுது.”

மூச்சு விட்டாள்.

“ஆனா காப்பி பண்ணி எங்க லிஸ்ட்டுல ஒட்டுனா மறுபடியும் பூனை!”

பார்த்துத் தட்டச்சு செய்யலாமே சார் என்று வாய் வரை வந்தது. “சரிங்க சார்” என்றுதான் வெளியே வந்தது.

நாற்பது பெண்களின் பெயர், ஊர், தானியம். மணி மூன்று. கோப்பைச் சேமிக்கும் மெனுவைத் துழாவியபோது, எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பொதித்து வைக்கும் வசதி கண்ணில் பட்டது. அது வேலை செய்யுமா என்று தெரியவில்லை. முதலில் ஒரு வரி மட்டும் சோதனைக்கு அனுப்பினாள்.

‘சாமை உடம்புக்கு நல்லது.’

“பூனை” என்றார் தீனதயாளன்.

அங்கிருந்த பழைய மென்பொருள் உள்ளே பொதித்ததைக் கண்டுகொள்ளவே இல்லை என்பது அவளுக்குத் தெரியாது. அமைப்பை மாற்றி மறுபடி அனுப்பினாள்.

‘தினையும் நல்லது.’

“பூனை!”

மூன்றாவது தடவை விரல்கள் தாமாகவே தட்டின. ‘கத்தாதீர்கள் சார்.’

“பூனைதான்மா!”

அவளுக்கு இதுவரை இல்லாத ஒரு தைரியம் வந்தது.

நான்காவது: ‘போன் இல்லாவிட்டாலும் உங்கள் குரல் மலைக்குக் கேட்கும்.’

ஐந்தாவது: ‘எல்லாவற்றுக்கும் பூனையைத் திட்டாதீர்கள். அது அமைதியான பிராணி.’

ஆறாவது: ‘போன வருடம் சிறுதானிய விழாவில் நீங்கள் மேடைக்குப் பின்னால் பரோட்டா சாப்பிட்டதை நாற்பது பேர் பார்த்தார்களாம்.’

“இன்னா அடிக்கற, சிரிச்சிக்கினே?” என்றார் பழனியம்மாள்.

“டெஸ்ட்டுக்கா.”

ஏழாவது: ‘சால்னா இரண்டு முறை வாங்கினீர்களாம்.’

மணி மூன்று ஐம்பதுக்கு போன் அலறியது.

“கலையரசன் எடுத்துட்டான்! பாஸ்வேர்டு கெடச்சிடுச்சி. உன் ஃபாண்ட்டப் போட்டுடறேன். இதுவரைக்கும் நீ அனுப்புனதெல்லாம் தமிழாத் தெரியும்!”

எல்லாம்.

“வேணாம் சார்!”

அந்த அலுவலகத்தில் அவள் கத்தியது அதுதான் முதல் தடவை. பழனியம்மாள் திரும்பிப் பார்த்தார்.

“வேணாமா? அப்பக் கடையும் வேணாமா?” என்றது போன்.

சன்னல் வரை சாமை மூட்டைகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பெண்ணின் பெயர், அவளே கரியால் எழுதியது. தேவிப்ரியா அவற்றைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

“போடுங்க சார்.”

மறுமுனையில் போனை மேசைமேல் வைக்கும் சத்தம். செருப்புச் சத்தம் தள்ளிப்போனது. பிறகு ஒரு பெண்குரல், கிசுகிசுப்பாக.

“பாப்பா, நான் செந்தமிழ்ச்செல்வி. இங்க டைப்பிஸ்ட்டு. பயப்படாத. சாரு பாஸ்வேர்டு தட்டறதுக்குள்ள உன் டெஸ்ட்டு ஏழையும் அழிச்சிட்டேன்.”

“நீங்க… அதப் படிச்சீங்களா?”

“இருவது வருசமா நான் அடிக்கிற கீபோர்டு அது. எந்தக் கட்டையத் தட்டுனா எந்தத் தமிழ் எழுத்து வரும்னு விரலுக்கே தெரியும். இங்கிலீஷாத் தெரிஞ்சாலும் எனக்குத் தமிழாத்தான் ஓடும். உன் லிஸ்ட்ட மூணு பத்துக்கே ஏத்திட்டேன். கடை உங்களுக்குத்தான்.”

தேவிப்ரியாவுக்குக் கோபம்கூட வந்தது. “அப்ப ஏங்க சார்கிட்ட அப்பவே சொல்லல?”

“சொல்லத்தான் எழுந்தேன் பாப்பா, அதுக்குள்ள மூணாவது டெஸ்ட்டு வந்துடுச்சி, இப்ப எட்டாவது எப்ப வரும்னு ஆபீசே காத்துக்கினு இருக்குது!”