மனோவாவின் வாளியும் அக்காவின் வாளியும்

டோங்கா நாட்டின் வவாவு தீவில் பாதிப் பேர் மந்திர வைத்தியர் மனோவாவின் முற்றத்தில் இருந்தார்கள். இருக்கமாட்டார்களா பின்னே? கடலடியில் பாறையில் வளரும் உயிரான சிவப்புக் கடற்பஞ்சைக் கொசுவலைத் துணியில் வைத்துப் பிழிவார். வாளியிலுள்ள கடல்நீர் கலங்கும். மந்திரம் முணுமுணுப்பார். பொழுது சாய்வதற்குள் தூளாய்ப் போன பஞ்சு மறுபடி உருண்டை உருண்டையாக ஒட்டிக்கொள்ளும். ஜனம் வாயைப் பிளக்கும். வைத்தியக் கூலியாகப் பன்றியை அவிழ்த்துக் கொடுக்கும்.

"ஆதியில உசிரெல்லாம் ஒத்தை ஒத்தைச் செல்லா அலைஞ்சுது. அதுங்களைச் சேர்த்து உடம்பாக்கின வார்த்தை எனக்கு மட்டுந்தான் தெரியும்!" என்றார். ஆதியில் எங்கே ஒளிந்திருந்து கேட்டாரோ!

கெலெபி ரக்பி ஆடிக் காலை உடைத்துக்கொண்டவன். அடுத்த ஆட்டத்துக்குள் கால் சேர வேண்டும் என்ற அவசரத்தில், வீட்டின் கொழுத்த பன்றியை இழுத்து வந்திருந்தான். மாவுக்கட்டை வெட்டிவிட்டு வாளித் தண்ணீரை ஊற்றுவதுதான் வைத்தியம். மனோவா கத்தரிக்கோலை எடுத்தார்.

"கையை எடுடா!"

வந்தவள் மனோவாவின் அக்கா செலா. ஆஸ்பத்திரி நர்ஸ். அந்தக் கட்டைப் போட்டதே அவள்தான்.

"எலும்பு விலகினா இவன் ஆயுசுக்கும் நொண்டி. இந்தப் பஞ்சுல பாதி எனக்கு, மந்திரம் கிடையாது. உன் பாதியைக் கொதிக்கிற தண்ணியில முக்கித் தரேன். ஆதி வார்த்தைதானே, சேர்த்துக் காட்டு."

"வீட்டுல போய்ப் பேசலாமே, அக்கா..."

"அக்கா கேக்கறேன்."

அவ்வளவுதான். டோங்காவில் அக்கா கேட்டதை மறுத்தவன் ஊரில் தலைகாட்ட முடியாது. தம்பியின் பாதியைச் செலா கொதிநீரில் முக்கிக் கொடுத்ததும் இருவரும் பிழிந்தார்கள். மனோவா தன் வாளிமேல் மந்திரத்தைக் கொட்டினார், வியர்வையையும் சேர்த்து. செலா தன் வாளியைத் திட்டித் தீர்த்தாள்: "ஒட்டாதே, சனியனே! ஒட்டினே, தொலைச்சுடுவேன்!"

மண்ணடுப்பில் கிழங்கு வெந்து, எல்லாரும் தின்றும் ஆயிற்று. கெலெபி நொண்டிக்கொண்டே போய் எட்டிப் பார்த்தான். திட்டு வாங்கிய வாளியில் குட்டிக் குட்டிச் சிவப்பு உருண்டைகள். மந்திரம் வாங்கிய வாளியில் வெறும் வண்டல்.

"திட்டினா சேருமா, அக்கா?"

"ஒண்ணும் வேணாண்டா. உசிருள்ள செல்லுங்க தன் இனத்தைத் தொட்டா தானா ஒட்டிக்கும். கோடிக்கணக்கான வருஷமா அதுங்க பொழைப்பே அதான். வெந்தது ஒட்டாது. உன் எலும்பும் உசிருள்ளதுதான். ஆட்டாம வெச்சா அதுவே சேரும்."

கெலெபிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டு, வீட்டுக்கே திருப்பி ஓட்டிப்போகப் பன்றியின் கயிற்றை அவிழ்த்தான். மனோவாவைக் காணோம். ஜனம் மட்டும் கலையவில்லை. செலாவின் வாளியைச் சூழ்ந்துகொண்டது.

"அக்கா, அந்தத் திட்டை எங்களுக்கும் சொல்லிக் குடு!"

செலா தலையில் அடித்துக்கொண்டாள். "மூளையே இல்லாத பஞ்சு தன் வேலையைத் தானே பாக்குது. மூளை இருக்கிற நீங்க என்னைக்குப் பாக்கப் போறீங்க?"