கொலஸ்ட்ரால் கூடினாலும் குற்றம், குறைந்தாலும் குற்றம்

குட்வில் எஸ்டேட்,
போர்ட் பிளேர்.

சிரஞ்சீவி மைத்துனன் அருண்பிரசாத்துக்கு அத்தான் சிவஞானம் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கு நான் நலமில்லை. அதற்குக் காரணம் நீ. அங்கு நீ மட்டும் நலமாயிருப்பது எந்த நியாயத்தில் என்று தெரியவில்லை.

போன ஜனவரியில் என் ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் இருநூற்று அறுபத்திரண்டு என்று வந்தது. அதோடு போயிருக்கும். நீதான் விருதுநகரில் உட்கார்ந்துகொண்டு, ‘கொலஸ்ட்ரால் கூடினால் மனச்சோர்வு வரும்’ என்று உன் அக்காவுக்கு வாட்ஸ்அப் அனுப்பினாய். அன்றோடு என் தட்டில் சூரை மீன் போச்சு, முட்டை போச்சு, தேங்காய்ச் சட்னியும் போச்சு. அந்தமானில் தேங்காய் இல்லாமல் சாப்பிடுகிற ஒரே மனுஷன் நான்தான்! மூன்று மாசம் ஓட்ஸ் கஞ்சி குடிச்சு நூற்று நாற்பதுக்குக் கொண்டுவந்தேன். உடனே அடுத்த மெசேஜ் அனுப்புற: ‘கொலஸ்ட்ரால் குறைந்தாலும் மனச்சோர்வு வரும்.’ ஏம்ப்பா, உனக்கு வேற வேலையே இல்லையா? இப்போ நான் பேசாம இருந்தா உன் அக்கா பூங்கோதை, “மனசுல என்னங்க?”ன்னு கேக்குறா. கத்தினா, “பாத்தீங்களா, ஆரம்பிச்சிருச்சு”ங்குறா. போன வாரம் துறைமுக ஜெட்டியில, ஹட் பே தீவுலேருந்து கப்பல் வர்றதைப் பாத்துக்கிட்டு நின்னேன். பக்கத்து வீட்டுத் தம்பையா பின்னால வந்து சட்டையைப் பிடிச்சு இழுத்தான், ரெண்டு பட்டன் தெறிச்சுப் போச்சு. “அரே பாய், டென்ஷன் மத் லோ!”ன்னு இந்தியில தேத்தினான், கவலைப்படாதேன்னு. “கப்பல் பாக்கத்தான்யா நின்னேன்”னேன். “எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க”ன்னுட்டான். அத்தனை பேர் பாக்க என்னைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தான்.

‘இவருக்கு இருப்பது கோபம், சோகம் அல்ல’ன்னு எழுதி வாங்கணும்னு நேத்து டாக்டர் ஷோபாவிடம் போனேன். அந்தம்மா சிரிச்சிட்டு, “சில ஆய்வு கூடினாலும் மனச்சோர்வு வரும்னு சொல்லுது, சிலது குறைஞ்சாலும்னு சொல்லுது. எதால எது வருதுன்னு இன்னும் தெளிவா தெரியல. மீன் சாப்பிடுங்க. ஆனா ரத்தத்துல இருக்கிற நம்பரை வெச்சு ஒருத்தர் மனசைச் சொல்லிட முடியாது”ன்னாங்க. கேட்டுக்கிட்டியா? இனிமே நீ எதையாவது ஃபார்வர்ட் பண்ணினா, உன் கல்யாணத்தன்னைக்கு நீ மண்டபத்துல தூங்கி விழுந்த போட்டோவைக் குடும்ப குரூப்புல போட்டுருவேன்.

உன் மனைவிக்கு என் அன்பு. குழந்தைகள் உன்னைப் போல் ஆகாமல் நூறாண்டு வாழட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்,
சிவஞானம்.

பி.கு.: மேலே உள்ளது காலையில் எழுதியது. சாயங்காலம் உன் அக்காவோட கொலஸ்ட்ரால் ரிசல்ட் வாங்க ரெண்டு பேரும் போனோம். நூற்று அறுபது. “உனக்கென்ன, ராஜாத்தி”ன்னேன். டாக்டர் அவளைப் பாத்து, “தூக்கம் வருதாம்மா?”ன்னு மட்டும்தான் கேட்டாங்க. பூங்கோதை அப்படியே உடைஞ்சு அழுதுட்டா. எங்க மக சௌமியா வேலைக்குன்னு மெயின்லேண்ட் போன நாள்லேருந்து தூக்கமே இல்லையாம். “இவரைக் கவனிச்சிட்டிருந்தா என்னைப் பத்தி நினைக்க வேண்டியதில்லைன்னு இருந்தேன்”னா. என் தட்டுல என்ன இல்லைன்னு கத்தின நான், அவ சாப்பிட்டாளான்னு ஒரு நாள் பாக்கல. உன்னைத் திட்டினதெல்லாம் வாபஸ். வியாழக்கிழமை டாக்டர் மறுபடியும் வரச் சொல்லியிருக்காங்க. கப்பலுக்குக் காத்திருக்காதே, ஃபிளைட் பிடிச்சு வா. நான் பேசினா எனக்காகச் சிரிக்கிறா. எனக்குப் பயமா இருக்கு, மாப்ளே.